பின் இருக்கையிலிருந்து வந்த 'ம்'

"அம்மா ரெயில்வே கேட்ல தனியா நிக்கறா. நீ எங்கப்பா இருக்கே?"

டிசம்பர் 27 அன்று, பெங்களூரிலிருந்து என் மகள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட செய்தி இது. ஆவணங்களை அழிக்கும் வழக்கம் எனக்கு இல்லாததால் இன்னும் வைத்திருக்கிறேன். (அழித்தும் பயனில்லை. என் தங்கை அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.)

விவகாரம் வீடு பற்றியது. தாத்தா குமாஸ்தா வேலைக்கு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குப் பவானிபூர்தான். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. நான் கீழே இறங்கினால்தானே. என் மனைவி ரமாவுக்கு அலுவலகம் நியூ டவுனில். மெட்ரோ, பஸ், ஆட்டோ என்று மாறி மாறிப் போய்விட்டு இருட்டிய பிறகு படியேறி வருவாள். அங்கேயே ஒரு ஃபிளாட்டுக்குப் போய்விடலாம் என்பது அவள் கட்சி. மூன்று வருடம் இதைப் பற்றிப் பேசினோம். அதாவது, நான் பேசினேன்.

அவளுடைய அலுவலகத் தோழி ஒருத்தியிடம் இரட்டை சைக்கிள் இருந்தது. ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து இருவரும் மிதிக்க வேண்டும். ஹேண்டில், பிரேக், மணி எல்லாம் முன்னால் இருப்பவரிடம். பின்னால் இருப்பவருக்கு மிதிக்கும் உரிமை மட்டும்.

"இதுல சாந்திநிகேதன் போவோம், மூணு நாள். யார் முதல்ல 'திரும்பிடலாம்'னு சொல்றாங்களோ, வீட்டு விஷயத்துல அவங்க தோத்தாங்க. சரியா?" என்றாள் ரமா.

ஹௌரா தாண்டுவதற்குள் அவளே சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டேன். முன் இருக்கை எனக்கு என்பதில் விவாதமே எழவில்லை. நான் எழவிடவில்லை.

முதல் நாள் முழுக்க ஹூக்ளிக் கரையோரம். ஸ்ரீராம்பூரில் டேனிஷ்காரர்கள், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரர்கள் என்று வழியெல்லாம் வரலாறு கொட்டிக் கிடந்தது. யார் எந்த ஆண்டு வந்தார்கள், எந்த ஆண்டு மூட்டை கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். பின்னாலிருந்து ஒழுங்காக 'ம்' வந்தது. தெருப்பிள்ளைகள் "ஜோடா சைக்கிள்! ஜோடா சைக்கிள்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அன்றிரவு சந்தன்நகர் விடுதியில் இருவரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் படியேறினோம்.

"கால் வலிக்கறதா?" என்றேன் ஆவலுடன்.

"உங்களுக்கு?"

"சே, சே."

"எனக்கும் சே, சே."

மறுநாள் பாண்டுவாவுக்கு அப்பால், குறுக்கு வழி என்று நான் கண்டுபிடித்த சாலையில் ஒரு ரெயில்வே கேட். மூடியிருந்தது. லாரி, டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா, ஆடு, மனிதர் என்று எல்லோரும் காத்திருந்தோம். ரயில் தடதடத்துக் கடந்தது. கேட் தூக்கியதும் பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. முன்னால் இருப்பவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது நானே வகுத்த விதி. ஆகவே திரும்பாமலே கேட்டேன்.

"ரெடியா?"

"ம்."

கிளம்பினேன்.

வண்டி அன்று அதிசயமாக இலகுவாக ஓடியது. எதிர்க்காற்று நின்றுவிட்டது என்று குறித்துக்கொண்டேன். இரட்டை சைக்கிளில் முன்னால் மிதித்தால் பின்மிதிகளும் தாமாகவே சுழலும். அந்தக் கிறீச் சத்தம் தவறாமல் கேட்டது. மனைவி மிதிக்கிறாள் என்பதற்கு எனக்கு அதுவே போதுமான சான்று. நேரம் கனிந்துவிட்டதாக எண்ணி வீட்டுப் பேச்சை எடுத்தேன். டேனிஷ்காரன் போனான், பிரெஞ்சுக்காரன் போனான், டச்சுக்காரன் போனான். போனவன் யாரும் திரும்பி வர முடிந்ததா? நாம் மட்டும் பவானிபூரை விட்டு ஏன் போக வேண்டும்? என் வாழ்நாளில் அவ்வளவு கோர்வையாக நான் பேசியதில்லை. குறுக்குக் கேள்வி ஒன்றுகூட வரவில்லை. "சரிதானே?" என்று முடித்தபோது அடர்த்தியான மௌனம். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். நடுவில் மகளிடமிருந்து நாலைந்து அழைப்புகள் வந்தன. ஓட்டும்போது பேசக் கூடாது என்பது என் இன்னொரு விதி.

வெற்றியைக் கொண்டாட ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

"துடோ சா" என்று இரண்டு விரலைக் காட்டினேன்.

கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆரேக்ஜன் கோத்தாய், தாதா?" இன்னொருத்தர் எங்கே என்று கேட்கிறார்.

திரும்பினேன். இருக்கையில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் மகளின் செய்தியைப் படித்தேன்.

திரும்பிப் போகும்போது வண்டி இலகுவாக இல்லை. லாரி மோதியிருக்குமோ, மயங்கி விழுந்திருப்பாளோ என்று என்னென்னவோ தோன்றியது. பாதி வழியில் எதிரே ஒரு டோட்டோ வந்து நின்றது. உள்ளே ரமா, மடியில் ஒரு மண்பானையுடன். புது ஈச்ச வெல்லம். ரயில் கடக்கும் நேரத்தில் கேட்டோரம் வாங்கப் போனாளாம். "வாங்கிட்டு வரேன்னு சொன்னேனே! ரயில் சத்தத்துல உங்க காதுல விழலையாக்கும்." போன் சைக்கிள் பையில் இருந்ததால், வெல்லக்காரர் போனில் மகளை அழைத்திருக்கிறாள். என் எண் அவளுக்கு மனப்பாடம் இல்லையாம்.

சைக்கிளை விட்டு இறங்கினேன். "போதும் ரமா. திரும்பிடலாம்."

"என்ன சொன்னீங்க?"

"திரும்பிடலாம்னேன்."

அவள் டோட்டோக்காரரிடம் திரும்பினாள். "ஷுன்லேன் தோ, தாதா?" கேட்டீர்கள்தானே என்று.

"ஷுனேச்சி, பௌதி" என்றார் அவர் உறுதியாக, கேட்டேன் அண்ணி என்று. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத சாட்சி.

"சரி, ஏறுங்க."

"அதான் திரும்பறோமே?"

"தோத்தது நீங்க. நான் எதுக்குத் திரும்பணும்?" என்று வெல்லப் பானையை என் கையில் கொடுத்துவிட்டு முன் இருக்கையில் ஏறினாள்.

மிச்ச வழி முழுக்க நான் பின்னால். பின்னால் இருப்பவருக்குச் சாலையே தெரியாது, ஒரு முதுகுதான் தெரியும் என்பதை அப்போது அறிந்தேன். பர்த்தமானில் இரவு தங்கி, மறுநாள் மாலை சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தோம். அவள் வரலாறு எதுவும் சொல்லவில்லை. நான்தான் அவ்வப்போது 'ம்' என்றேன், இருக்கிறேன் என்று தெரிவிக்க.

இப்போது நியூ டவுனில் பதினோராம் மாடி. லிஃப்ட் உண்டு. நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் மகள், "கேட் மூடியாச்சு, இறங்கறவங்க இறங்கிக்கலாம்" என்பாள். உடனே எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. கேட்டில் நான் "ரெடியா?" என்றபோது பின்னாலிருந்து 'ம்' வந்தது. ரமா அந்த நேரம் தான் வெல்லக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறாள். வெல்லக்காரரை நான் இன்னும் விசாரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவை ஒரு லாரியும் சில ஆடுகளும். அந்த 'ம்' யாருடையது என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.