ஏழு மாடி அரண்மனையும் ஒரு உருண்டை களியும்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். புள்ளையைச் சங்ககிரி மலைக்குக் கூட்டிட்டுப் போய்க் கோட்டையைக் காட்டணும். கட்டுச்சோறு தின்னுட்டு, பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்து சேரணும்.

இந்த வேலையை யாரும் என் தலையில கட்டலை. என் வாயால நானே வரவழைச்சுக்கிட்டேன்.

எம் பொண்ணு பாவாயிக்கு அஞ்சு வயசு. சோத்தைக் கண்டாலே வாயைப் பூட்டிக்குவா. எங்க ஊர் மகுடஞ்சாவடிப் பக்கம். வாசல்ல நின்னா மேற்கே சங்ககிரி மலை நீலமாத் தெரியும். ஒரு நாள் அதைக் காட்டி, "அங்க பாரு கண்ணு, அந்த மலை மேல ஒரு அரண்மனை இருக்குது. அதுல ஒரு ராஜகுமாரி இருக்கறா"ன்னு சொன்னேன்.

ஆன்னு வாயைப் பிளந்தா. நான் சோத்தை உள்ள தள்ளிட்டேன்.

அன்னைக்குப் பிடிச்சுது சனி! ஒரு வாய் சோத்துக்கு ஒரு அறை கட்ட வேண்டியதாப் போச்சு. பருப்புச் சோத்துக்குத் தங்க ஊஞ்சல். தயிர்ச் சோத்துக்குப் பவளக் கட்டில். ரசம்னா அவளுக்கு ஆகவே ஆகாது, அதுக்கு ஒரு முழு மாடியே எழுப்பினேன். இப்படியே ஏழு மாடி ஆயிருச்சு. நானோ அந்த மலை அடிவாரத்தைக்கூட மிதிச்சது கிடையாது!

கடைசியில ஒரு நாள் தட்டை நகர்த்தி வெச்சுட்டு, "அம்மா, அந்த ராஜகுமாரியைக் காட்டு. காட்டினாத்தான் திம்பேன்"னுட்டா.

எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தார். "ஏம்புள்ள, கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்தாத்தான் என்ன? எனக்கும் அந்த ஊஞ்சலைப் பார்க்கோணும்"னார்.

தினமும் கேட்டுக் கேட்டு அவரும் நம்பிட்டார்!

அரண்மனை பொய்யின்னு தெரிஞ்சா இவ இனிமே எந்தக் கதைக்கும் வாயைத் திறக்க மாட்டா. அப்புறம் புள்ளையை எப்படி வளர்க்கறது? சரி, மலை மேல ஒரு உடைஞ்ச ஜன்னலாவது இருக்காதா, அதை வெச்சுச் சமாளிச்சுக்கலாம்னு கிளம்பினேன்.

அது ரெண்டாவது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காம பஸ்ஸெல்லாம் கரியில ஓடிட்டு இருந்துச்சு. மேடு வந்தா நாமதான் இறங்கித் தள்ளணும். அதுக்கு நம்ம கூண்டு வண்டியே மேல்னு மாட்டைப் பூட்டினோம். தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு கட்டி வெச்சேன்.

ஒரே ஒரு சிக்கல். வழியில வைகுந்தம். அங்கதான் என் பெரியம்மா வீடு.

எங்க பக்கத்துல ஒறம்பரை வீடு இருக்கற ஊரை, கை நனைக்காமத் தாண்டக் கூடாது. சொந்தக்காரங்க வாசல் வழியா வண்டி போயி, ஒரு வாய் சாப்பிடலைன்னு தெரிஞ்சா, அடுத்த கல்யாணத்துல மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. உள்ள போனாலோ அன்னைக்குப் பொழுது அங்கேயேதான்.

அதனால ஊர் எல்லை வந்ததும் படுதாவை இறக்கி விட்டுட்டு மூச்சுக் காட்டாம உட்கார்ந்துக்கிட்டேன்.

"அம்மா, நாம ஏன் ஒளிஞ்சுக்கறோம்?"

"ஸ்... பேசாதே சாமி."

கொஞ்ச நேரத்துல வண்டி நின்னுருச்சு.

"ஏனுங்க, ஊரைத் தாண்டிட்டமுங்களா?"

படுதாவை லேசா விலக்கிப் பார்த்தேன். பெரியம்மா வீட்டுக் களம்! மாடு ரெண்டும் கட்டுத்தறிக்கு முன்னாடி நின்னு, ஆனந்தமா வாலை ஆட்டிட்டு இருக்குது!

அப்பத்தான் என் மரமண்டைக்கு உறைச்சுது. அந்த மாடுகளைப் போன வருஷம் வாங்கினதே பெரியம்மாகிட்டத்தான். அதுக பொறந்து வளர்ந்த கட்டுத்தறி அது. அதுகளுக்குப் படுதா ஏது?

"கயித்தை இழுத்து இழுத்து என் கையே செவந்து போச்சு புள்ள"ன்னு எங்க வீட்டுக்காரர் முனகினார்.

பெரியம்மா ஓடி வந்தாங்க. முதல்ல மாட்டைத் தடவிக் குடுத்துட்டு, அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"மாடு காட்டிக் குடுக்காட்டி அப்படியே போயிருப்பீங்களாட்டம் இருக்குது?"

"ஐயோ, இல்லீங்க பெரீம்மா! உங்களைப் பார்க்கத்தானுங்க வந்தோம்!"

"அப்புறம் எதுக்கு மூடிட்டு வந்தே?"

"வெயிலுங்க."

"வெயிலே இன்னும் ஏறலியே?"

பெரியம்மா திரும்பிக் குரல் குடுத்தாங்க. "அந்தச் செஞ்சேவலைப் பிடிங்க!"

ஆளுக நாலு பக்கமும் ஓடினாங்க. சேவல் வைக்கோல்போர் மேல ஏறுச்சு. கூரை மேல பறந்துச்சு. நான் மனசுக்குள்ள அதுக்காக வேண்டிக்கிட்டேன். அது தப்பிச்சா நானும் தப்பிச்சேன். மாட்டிக்கிச்சு.

அடுத்து பெரியம்மா கண்ணுல தூக்குப்போசி பட்டுருச்சு. திறந்து பார்த்தாங்க. முகம் சுண்டிப் போச்சு.

"எங்கூட்டு வழியா வாரவ, சோத்தைக் கட்டிட்டு வாரயா?"

அவ்வளவுதான். என் புளிச்சோறு முழுசும் காட்டுல களையெடுத்துட்டு இருந்த ஆளுகளுக்குப் போயிருச்சு.

"அப்ப மலைக்கு வேற ஏதாச்சும் கட்டிக் குடுங்க பெரீம்மா."

"கட்டிக் குடுத்தா அப்படியே வேற தடத்துல போயிருவீங்க. மலையை விட்டு இறங்கி இங்கதான் வரோணும்!"

இலை போட்டாங்க. நெல்லுச்சோறு, கோழிக்குழம்பு. பாவாயி வாயைப் பூட்டிக்கிட்டா.

"அம்மா, கதை சொல்லு."

"என்ன கதை சாமி?"ன்னு பெரியம்மா கேட்டாங்க.

"மலை மேல ஏழு மாடி அரண்மனை இருக்குதல்லோ, அந்தக் கதை."

"ஏழு மாடியா? நான் போயிருக்கறனே, அங்க வெறும்..."

"பெரீம்மா, குழம்பு!"ன்னு கத்தினேன்.

ஊத்தினாங்க. ஊத்திட்டு மறுபடி, "அங்க ஏது அரண்..."

"சோறு வேணுமுங்க!"

அவங்க வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் ஏதாவது கேட்டேன். அவங்க வாயை மூட வைக்க, என் வாயை அடைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதாப் போச்சு. கதையும் சொல்லலை, புள்ளையும் சாப்பிடலை. நான் மட்டும் மூணு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டு எழுந்தேன். எழுந்தேன்னு சொல்லக் கூடாது, தூக்கி விட்டாங்க.

மலையடிவாரம் போறப்போ உச்சி வெயில். கோட்டைக்குப் போற வழி முழுக்க வாசல் மேல வாசல். ரெண்டாவது வாசல் நிழல்ல எங்க வீட்டுக்காரர் துண்டை விரிச்சுப் படுத்துட்டார்.

"ஏனுங்க, ஊஞ்சலைப் பார்க்கோணும்னீங்களே?"

"நீ பார்த்துட்டு வந்து சொல்லு புள்ள. நீ சொன்னாத்தான் நல்லா இருக்குது."

பாவாயி வெறும் வயித்தோட வெள்ளாட்டுக் குட்டியாட்டம் முன்னால குதிச்சு ஓடறா. நான் வயித்துல ஒரு சேவலைச் சுமந்துட்டு வாசலுக்கு வாசல் உட்கார்ந்து ஏறினேன்.

மேல போய்ப் பார்த்தா, பாதி சுவர், மீதி வானம். கூரையில்லாத ஒரு கட்டடத்துக்குள்ள ஆடுக படுத்து அசை போட்டுட்டு இருந்துச்சு. ஒரு ஜன்னல்கூட இல்லை!

பாவாயி இடுப்புல கையை வெச்சுட்டுச் சுத்திப் பார்த்தா. "ராஜகுமாரி எங்க?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருக்கறா சாமி."

"எப்ப வருவா?"

"தெரியலியே. சேவலைப் பிடிச்சிருப்பாங்க."

பாவாயி பெரிய மனுஷியாட்டம் பெருமூச்சு விட்டா. "அப்ப இன்னைக்கு வர மாட்டா."

அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்குள்ள அடுத்தது கேட்டா.

"அம்மா, பசிக்குது."

என் காதையே என்னால நம்ப முடியலை! பொறந்ததுல இருந்து அவ வாயில வராத வார்த்தை. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. ஆசை ஆசையாத் தூக்குப்போசிக்குக் கையை நீட்டினேன். அது காலியா வைகுந்தத்துல இருக்குது.

பெருமாள் கோயில் கண்ணுல பட்டுச்சு. பிரசாதம் கிடைக்கும்னு ஓடினேன். பூட்டியிருந்துச்சு.

"பசிக்குதும்மா!" இப்ப அழுகையே வந்துருச்சு அவளுக்கு.

ஆடு மேய்ச்சுட்டு இருந்த ஒரு அம்மா இதைப் பார்த்துட்டே இருந்தாங்க. மடியில இருந்த துணி மூட்டையை அவுத்து, ஆறிப்போன ராகிக் களி உருண்டையும் பச்சை வெங்காயமும் எடுத்துக் குடுத்தாங்க. பாவாயி ரெண்டு கையிலயும் வாங்கினா. வீட்டுல களின்னு சொன்னாலே ஓடறவ!

பழக்க தோஷம், நான் பக்கத்துல உட்கார்ந்து ஆரம்பிச்சேன். "அந்த ராஜகுமாரி என்ன பண்ணினாளாம்..."

"சும்மா இரும்மா"ன்னா, வாய் நிறையக் களியோட.

ஆட்டுக்கார அம்மா அவ தின்கறதைப் பார்த்தாங்க. என் வயித்தைப் பார்த்தாங்க. மறுபடி அவளைப் பார்த்தாங்க.

"ஏனுங்க அம்மிணி, புள்ளைக்கு ஊட்டுல சோறு கீறு போடறதில்லீங்களா?"

நான் கட்டின ஏழு மாடியும் அந்த இடத்துலயே இடிஞ்சு விழுந்துச்சு.

மறுநாள் காலையில சந்தோஷமா எந்திரிச்சு, களி கிண்டி, ஆற வெச்சு, வெங்காயமும் வெச்சுப் பாவாயி முன்னாடி நீட்டினேன். வாயைப் பூட்டிக்கிட்டா.

"மலை மேல வெச்சுக் குடு, திங்கறேன்."

தினமும் மலையேற நான் தயாருங்க. அந்த மாடுகதான் வைகுந்தத்தைத் தாண்டாது.