அழுங்கு அழக் கற்ற கதை

ஒரு காட்டில் சிறைச்சாலையைச் சீர்திருத்திவிட்டார்கள். சுவருக்கு இளமஞ்சள் பூசினார்கள். விலங்குகளுக்குப் பூட்டிய விலங்குகளைக் கழற்றினார்கள். ‘மனம் திருந்தினால் வீடு திரும்பலாம்’ என்று வாசலில் பலகையும் மாட்டினார்கள்.

அங்கே, உடலெங்கும் செதில் போர்த்த செதிலி என்னும் அழுங்கு அடைபட்டிருந்தாள். கரடியாரின் வள்ளிக்கிழங்கைக் கடித்துத் தின்றாள் என்பது வழக்கு. எறும்பை நக்கி உண்ணும் அழுங்குக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. அந்த வாயைத் திறந்து பார்க்கத்தான் எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அவள் கவலையெல்லாம் குட்டியைப் பற்றியது. அழுங்குக் குட்டி தாயின் வாலில் ஏறிச் சவாரி செய்யும் பருவம் சிறிது காலந்தான். அதற்குள் வீடு சேர வேண்டும்.

திருத்த அலுவலரான மந்தியம்மையார் நாள்தோறும் வகுப்பெடுத்து, செய்த குற்றத்துக்கு வருந்தச் சொன்னார். செதிலியோ, செய்யவில்லை என்று அழுங்குப்பிடியாக நின்றாள்.

“அழுங்குதல் என்றாலே வருந்துதல்தானே? பெயருக்கேனும் வருந்தக் கூடாதா?” என்றார் அம்மையார்.

ஒருநாள், வேலி உடைத்த வழக்கில் உள்ளேயிருந்த கோரையன் என்னும் காட்டுப்பன்றி வகுப்பில் எழுந்து, வேலியை உடைத்ததோடு அந்தக் கிழங்கைத் தின்றதும் தானே என்று கதறினான். அம்மையார் உருகிப்போய் மாலையிட்டு அவனை விடுவித்தார்.

“அப்படியானால் நானும் போகலாமா, அம்மா?” என்றாள் செதிலி.

“அவன் குற்றத்துக்கு அவன் வருந்தினான். உன் குற்றத்துக்கு நீயல்லவா வருந்த வேண்டும்?”

“எனக்குப் பல்லே இல்லையே.”

“பல் இல்லாதது உடற்குறை. வருத்தம் இல்லாதது மனக்குறை. நாங்கள் மனத்தை மட்டுமே திருத்துகிறோம்.”

மாலையோடு வாசலைத் தாண்டிய கோரையன் திரும்பிப் பார்த்தான். “தங்கச்சி, செய்யாததற்கு அழுகை வராது. முதலில் எதையாவது செய்து தொலை” என்றான்.

அன்று பிற்பகல் அம்மையார் கண்ணயர்ந்த வேளையில், அவருடைய தேன்குடத்துக்குள் செதிலி தன் நீண்ட நாவை விட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டாள். குட்டியை நினைத்தாள்; கண்ணீர் ஆறாகப் பெருகியது. திருந்திவிட்டாள் என்று அம்மையாரும் சேர்ந்து அழுதார். மாலை வந்தது, கதவும் திறந்தது.

வீட்டில் குட்டி வளர்ந்துவிட்டிருந்தது. ஆயினும் வாலில் ஏறிக்கொண்டது. அதன் கால்கள் தரையில் இழுபட்டன.

“எங்கே போகிறோம், அம்மா?”

செதிலி வாயோரத்தை ஒருமுறை நக்கிக்கொண்டாள்.

“தேன் இருக்கும் இடத்துக்கு.”

நீதி: குற்றமற்றவரைத் திருத்த எந்தச் சிறையாலும் இயலாது; ஆதலின், உள்ளே போகுமுன் ஒரு சிறு குற்றத்தையேனும் கைவசம் வைத்திருத்தல் நலம்.