ஏழு தலைப் பாம்பும் நான் பார்க்காத சுகந்தியும்

அன்றைக்கு வேனில் இருந்தவர்கள்: நான், என் அம்மா, தாய்மாமா கலியபெருமாள், சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த சுகந்தி, சுகந்தியின் அப்பா, அம்மா. வராதவர்கள்: என் அப்பா (கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வந்துவிட்டது, அதைத் தள்ளிப்போட முடியாது), ஏழு தலைப் பாம்பு, பறக்கும் நகரம், முப்பதடி ராட்சசன். கடைசி மூவரும் கம்ப்யூட்டரில் பிறந்தவர்கள். கடலூர் மாவட்டத்தில் அவர்கள் கால் பட்டதே இல்லை (பாம்புக்கு எப்படியும் பட்டிருக்காது). ஆனால் அவர்கள் நின்ற இடம், எழுந்த இடம், விழுந்த இடம் எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்லித்தான் நான் நோட்டீஸ் அடித்திருந்தேன்.

விஷயம் இதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு பெரிய மாயாஜாலப் படத்தின் ஆட்கள் எங்கள் பக்கம் வந்து பதினேழு நாள் தங்கினார்கள். படத்துக்கு ஏதோ நீளமான பெயர். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது 'பாம்புப் படம்'. போன இடமெல்லாம் பச்சைத் துணி கட்டினார்கள். அந்தத் துணிக்குப் பின்னால்தான் அப்புறம் நகரம் பறக்கும் என்றார்கள். உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுத்தபோது உதவி இயக்குநர் ஒருவர் கேட்டார்:

"யாருக்கு ரொம்ப நேரம் கை ஆடாம நிக்க முடியும்?"

நான் கையைத் தூக்கினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவன், எம்.ஏ. வரலாறு. கேள்வி கேட்டால் கையைத் தூக்கிவிடுவது என் பிறவிக் குணம். ஒரு நீளமான மூங்கிலைக் கொடுத்தார்கள். அதன் நுனியில் மஞ்சள் நிற டென்னிஸ் பந்து. பாம்பின் தலை எங்கே வருமோ அங்கே பந்து இருக்க வேண்டும். கதாநாயகி பந்தைப் பார்த்து நடிப்பார். அந்த அம்மா பதினேழு நாள் என் தலைக்கு மேல் பத்தடி உயரத்தைப் பார்த்து அழுதார், கெஞ்சினார், சாபம் விட்டார், கடைசி இரண்டு நாள் உருகி உருகிக் காதலித்தார். கீழே நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

படத்தில் என்னை அழித்துவிட்டார்கள். அது முன்பே தெரிந்த விஷயம்தான் என்றாலும், சிதம்பரத்தில் முதல் நாள் முதல் காட்சிக்கு அம்மா அப்பாவோடு போயிருந்தேன். அப்பா இடைவேளை வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீ எங்கடா?"

"பாம்போட கழுத்துக்குக் கீழப்பா."

அம்மா அதை அப்படியே நம்பினார். தெருவில் எல்லோரிடமும், "பாம்புக்கு உள்ளாறதான் எம்புள்ள இருக்கான், நல்லாப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். பாவம், சிலர் இரண்டாவது தடவை டிக்கெட் எடுத்துக்கூடப் பார்த்தார்கள்.

இந்த அனுபவத்தின் பலத்தில்தான் 'மாயாஜாலப் படப்பிடிப்புத் தலங்கள்: தனி வழிகாட்டியுடன் ஒருநாள் சுற்றுலா, கடலூர் முதல் சிதம்பரம் வரை' என்று நோட்டீஸ் அடித்தேன். நான்கு மாதத்தில் ஒரே ஒரு போன் வந்தது. அவரும் சிதம்பரத்தில் ஏசி ரூம் என்ன விலை என்று கேட்டார்.

அப்போதுதான் மாமா ஒரு யோசனையோடு வந்தார். சேத்தியாத்தோப்பில் நெல் வியாபாரி ஒருவருக்கு ஒரே பெண். மருந்தாளுநர் படிப்பு, மருந்துக்கடையில் வேலை. இரண்டு வரன் பெண் பார்த்துவிட்டுப் போய்த் தட்டிப்போயிருக்கிறது. இனிமேல் வீட்டுக்கு முன்னால் கார் வந்து நின்று, தெருவே எட்டிப் பார்ப்பது வேண்டாம் என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ணு பாம்புப் படத்த நாலு தடவ பாத்துருக்காம்டா மாப்ள. டூர் போறோம்னு ஊர்ல சொல்லிட்டு வராங்க. காலையிலேர்ந்து நீ இடத்தக் காட்டு. சாயங்காலம் சிதம்பரம் கோயில்ல உக்கார வச்சு மொறையா பாத்துக்கலாம். அதுவரைக்கும் பொண்ணு பக்கம் திரும்பி மொறச்சிப் பாக்காத. அவுங்க அப்பா அந்தக் காலத்து ஆளு."

"சரி மாமா."

"இன்னொண்ணு. உன் கண்ணாடி பவர் ஜாஸ்தின்னு சொன்னா யோசிப்பாங்க. படிக்கிறதுக்கு மட்டுந்தான் போடுவான்னு சொல்லி வச்சிருக்கேன்."

(என் பவர் மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எருமையும் மாமாவும் ஒன்று.)

போட்டோ ஒன்று அனுப்பியிருந்தார்கள். கல்லூரியில் எடுத்த குரூப் போட்டோ, நாற்பது பேர். "இடப்பக்கத்துலேர்ந்து மூணாவது" என்றார் மாமா. நமக்கு இடமா அவர்களுக்கு இடமா என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் மூன்றாவதாக இருந்தவர் கல்லூரி முதல்வர். இன்னொரு பக்கம் மூன்றாவதாக இருந்தவர் தும்மிக்கொண்டிருந்தார்.

ஆக, அவள் முகம் எனக்குத் தெரியாது. குரல்தான் தெரியும். சுற்றுலாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவளே போன் பண்ணினாள்.

"சார், பாம்பு டூர் நீங்கதான?"

"ஆமாங்க."

"பாம்பு கடல்லேர்ந்து எந்திரிச்ச எடத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாங்க. ஆனா பாம்பு இருக்காதுங்க."

அவள் சிரித்தாள். "அது தெரியுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி சிரிப்பு வந்து போனை வைத்துவிட்டாள். நான் அதற்கப்புறம் இரவு பகலாக இருபத்திரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். காதல் வந்தால் மற்றவர்கள் கவிதை எழுதுவார்கள். நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன்.

முதல் இடம், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. காலை ஏழரை மணி. காற்றில் என் குறிப்புத் தாள்கள் படபடத்தன (அவற்றைப் படிக்கிற சாக்கில்தான் கண்ணாடி போட்டிருந்தேன்). நான் கடலுக்கு மேலே கையைக் காட்டி ஆரம்பித்தேன்.

"இங்கேதான் பாம்பின் நான்காவது தலை..."

"எங்கடா?" என்றார் அம்மா.

"அதோ, அந்த மேகத்துக்குப் பக்கத்துலம்மா."

எல்லோரும் மேகத்தைப் பார்த்தார்கள். மாமா சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் எம்.ஏ. வரைக்கும் வந்தவன். தேர்வு அறையில் திரும்பாதே என்றால் கொசு கடித்தாலும் திரும்பாத பிள்ளை. அதனால் பேசும் நேரமெல்லாம் ஆகாயத்தைப் பார்த்தேன், பேசாத நேரமெல்லாம் மணலைப் பார்த்தேன். மணலில் ஒரு ஜோடிச் செருப்பு தெரிந்தது. பழுப்பு நிறம், வலது செருப்பின் வார் புதிதாகத் தைத்தது. அந்தச் செருப்பு மற்றவர்களை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தது.

"அந்தம்மா எங்க நின்னு அழுவாங்க?" சுகந்தியின் குரல்.

"நீங்க நிக்கிற எடந்தாங்க."

"நீங்க எங்க நின்னீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. "நான் படத்துல இல்லீங்க" என்றேன்.

"படத்துல இல்ல. நின்னீங்கல்ல?"

ஈர மணலில் அந்த இடத்துக்குப் போய் நின்றேன். பத்தடி தூரம். அவள் கதாநாயகி நின்ற இடத்தில், நான் மூங்கில் பிடித்த இடத்தில். என் முகத்துக்கு நேராக அவள் முகம் இருந்திருக்கும். அந்த நேரத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? வலது கையை உயர்த்தி, "பாம்புத் தலை இந்த உயரத்துல வருங்க" என்று அண்ணாந்து என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் இருக்கும். கையும் ஆடவில்லை, கண்ணும் ஆடவில்லை.

இரண்டாவது இடம், சிதம்பரத்துக்கு வெளியே மூடிக் கிடக்கும் ஒரு பழைய ரைஸ் மில். படத்தில் அது ராட்சசன் கோட்டை. பச்சைத் துணியை விட்டுவிட்டுப் போயிருந்ததால் யாரோ அதன்மேல் நெல் காயப் போட்டிருந்தார்கள். ராட்சசனின் சிம்மாசனம் எங்கே இருந்தது என்று நான் உணர்ச்சியோடு விவரித்துக்கொண்டிருக்கையில், சுகந்தியின் அப்பா ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்தார்.

"ஈரம் இன்னும் இருக்கு தம்பி. ரெண்டு நாள் காயணும். யாருது இது?"

அப்புறம் முக்கால் மணி நேரம் மில் காவல்காரரிடம் நெல் விலை பேசினார். எனக்கு ஒன்பது பக்கக் குறிப்பு வீணாயிற்று. பின்னாலிருந்து சுகந்தி தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது: "பாவம்மா அவரு. எவ்ளோ எழுதிட்டு வந்துருக்காரு." அந்த 'பாவம்' என் காதுக்குள் போய் இன்றுவரை வெளியே வரவில்லை.

மூன்றாவது இடம், பிச்சாவரம். படகில் ஏறிச் சதுப்புக் காட்டுக்குள் போனோம். படத்தில் அது மந்திர வனம். நான் படகின் முனையில் நின்றுகொண்டு பேசினேன்.

"சார், குந்துங்க" என்றார் படகுக்காரர்.

"ஒரு நிமிஷங்க. இந்த மரத்தின் உச்சியில்தான் பறக்கும் நகரம்..."

"சார், ஆட்டாதீங்க."

நகரம் எவ்வளவு உயரத்தில் பறந்தது என்று காட்ட ஓர் அடி பின்னால் வைத்தேன். அந்த ஓர் அடிக்குப் படகு இல்லை.

தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் அடியில் சேறு. எழுந்தபோது வாயில் உப்பு, தலையில் ஏதோ இலை, முகத்தில் கண்ணாடி இல்லை. உலகம் பச்சையும் பழுப்புமாகக் கரைந்துபோயிருந்தது. அந்தக் கரைசலுக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் குடை நீண்டு வந்தது.

"புடிங்க. கெட்டியா புடிங்க!"

பிடித்தேன். குடையின் மறுமுனையில் இரண்டு கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. அருகில் வந்ததால் அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் ஏறும்போது குடைக் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. கை விடவில்லை.

"கண்ணாடி போயிடுச்சே" என்றாள்.

"பரவால்லம்மா, படிக்கிறதுக்குத்தான் அது" என்று மாமா முந்திக்கொண்டார். நானும், "ஆமாங்க, பரவால்லங்க" என்றேன், ஒரு மரத்தைப் பார்த்து.

கோயிலுக்குப் போவதற்கு முன் மேலவீதியில் ஒரு வேட்டி சட்டை வாங்கி உடுத்திக்கொண்டேன். மாமா என் முழங்கையைப் பிடித்துப் பிராகாரம் வரைக்கும் கூட்டிப்போனார். உட்கார்ந்தோம். நாள் முழுக்கச் சேமித்து வைத்திருந்த பார்வை இனி செலவுக்கு. மாமா காதில் சொன்னார்:

"அந்தத் தூணுக்குப் பக்கத்துல. இப்ப நல்லாப் பாத்துக்க."

தூணுக்குப் பக்கத்தில் அரக்கு நிறத்தில் ஒரு மங்கல் உட்கார்ந்திருந்தது. பார்த்தேன். காலையிலிருந்து பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். சிரித்தேன். கண்ணில் நீர்கூட வந்தது. நான் எங்கே நின்றேன் என்று கேட்டதற்கு நன்றி, குடைக்கு நன்றி, 'பாவம்' சொன்னதற்கும் நன்றி என்று எல்லாவற்றையும் அந்தப் பார்வைக்குள் ஏற்றி அனுப்பினேன். அரக்கு மங்கல் சற்று நெளிந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது. வெட்கம் என்று நினைத்தேன்.

பத்து நிமிஷம் கழித்து அந்த மங்கல் என் அம்மாவிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது:

"அண்ணி, உங்க புள்ள ஏன் என்னையே பாக்குது?"

சுகந்தியின் அம்மா. சுகந்தி தூணின் இந்தப் பக்கம், எனக்கு நான்கடி தள்ளி, நீல நிறப் புடவையில் உட்கார்ந்திருந்தாளாம். அதை அம்மா வேனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா மாமாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"தம்பி நல்ல தம்பிங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சு. ஆனா சுகந்தி சொல்லுது, 'காலையிலேர்ந்து வானத்தப் பாத்தாரு, சாயங்காலம் அம்மாவப் பாத்தாரு, நான் அவர் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன், என்னைய ஒருவாட்டிகூடப் பாக்கல'ன்னு. தம்பிக்கு இஷ்டம் இல்லாத எடத்துல நாம ஏன் வற்புறுத்தணும்?"

கடற்கரையில் நான் அண்ணாந்து நின்ற அந்த ஒரு நிமிஷமும் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரே ஒரு போனில் சரியாகியிருக்கும். எனக்குக் கண் தெரியாதுங்க என்று மூன்று வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் மாமா பொய்யர் ஆவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் (உண்மையில் பயம்). போனுக்குப் பதிலாகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்று. 'பொருள்: பார்வைக் குறைபாடு தொடர்பாக' என்று ஆரம்பித்து, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தேன். படித்துப் பார்த்துக் கிழித்தேன். இரண்டாவதும் விண்ணப்பம் மாதிரியே வந்தது. கடைசியில் ஒரு புதுக் குடை வாங்கி, மருந்துக்கடை விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை.

"குடை வந்துச்சு. நன்றி" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அதற்கு முன்னால் பத்து நிமிஷம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் அரை மணி நேரம் யோசித்து, "நன்றி" என்று பதில் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து சுகந்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மாமாவுக்கு அங்கே போக முகம் இல்லை. வீட்டின் சார்பாக நான்தான் போனேன். சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மண்டபத்து வாசலில் இருபதடி உயரத்துக்கு பிளக்ஸ். அங்கேதான் சுகந்தியின் முகத்தை முதன்முதலில் பார்த்தேன். பிளக்ஸ் கடைக்காரன் பின்னால் மேகம், அருவி, மலைமேல் ஓர் அரண்மனை எல்லாம் வைத்திருந்தான். அகலமான நெற்றி. இடது கன்னத்தில் சின்னதாக ஒரு வடு. சிரிப்பு, போனில் கேட்டேனே, அதேதான். எவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றேன் என்று தெரியாது. கரும்பு டிராக்டர்காரன் ஒருவன் ஹாரன் அடித்து, "ஏங்க, ரோட்ட வுட்டு நில்லுங்க" என்றான்.

மேடையில் ஏறினேன். மாப்பிள்ளை நல்ல மனிதராகத் தெரிந்தார். கை கொடுத்தார். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடி புதுசா?"

"பழைய பவர்தாங்க. மைனஸ் ஏழு" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு, மேடையில், எனக்கு அப்போதுதான் தைரியம் வந்திருந்தது.

அவள் சிரிப்பு ஒரு நொடி நின்றது. "அப்ப அன்னிக்கி..." என்று ஆரம்பித்தாள்.

"சார், இங்க பாருங்க! கேமராவப் பாருங்க சார்!" என்று போட்டோக்காரர் கத்தினார்.

சொன்ன பேச்சைக் கேட்டேன்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் பெண் பார்க்கக் கிளம்பினாலும், "கண்ணாடி எடுத்துக்கிட்டியாடா?" என்று கேட்காமல் அனுப்புவதில்லை. கண்ணாடியே போடாதவனிடமும் கேட்கிறார்கள். போன தையில் என் சித்தப்பா பையனுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு கறுப்புக் கண்ணாடியையும் தட்டில் வைத்துக் கொடுத்தார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அம்மா மட்டும் சிரித்து முடித்ததும் கணக்குச் சொல்லுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாம் மனக்கணக்கு. வேன், படகு, சாப்பாடு, பூ பழம், வேட்டி சட்டை, கண்ணாடி, குடை, கடைசியாகக் கல்யாண மொய் ஐநூற்றொன்று. ஆக மொத்தம் பதினோராயிரத்து நானூற்று இருபத்தொரு ரூபாய்.