தலைவர் கை வைத்த தோள்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் மூட்டுவலியும் தனித்தனியே சௌக்கியம்தானே?

பெரிய பேரன் வங்கிப் பரீட்சையில் தேறிவிட்டான். சின்னவன் போட்டோ ஸ்டூடியோவில் கிழடுகளையெல்லாம் குமரிகளாக்கித் தருகிறான். பேத்தி நர்ஸாகிவிட்டாள், பெரியாஸ்பத்திரியில் அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காதாம். அஞ்சாம் வகுப்போடு நின்ற என் வயிற்றுவழி வந்ததுகள்! கண் பட்டுவிடும், நிறுத்திக்கொள்கிறேன்.

நம் தலைவர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் வந்த பணத்தைச் சுருட்டி உள்ளே போனாரே, அன்றிலிருந்து வீட்டில் கலகம். பெண்கள் பள்ளிக்கூடம் திறந்த அன்று நீ எடுத்த படம் நம் கூடத்தில் மாட்டியிருந்ததல்லவா? கட்டிய மேஸ்திரி என்று தலைவர் உன் அத்தானை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, “மேஸ்திரி, நீங்க கட்டின சுவரு நிக்கும். நான் கட்டின கட்சி நிக்குமான்னுதான் தெரியல” என்றார். இவர் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தார். கல்யாணப் படத்திலேயே உர்ரென்று நின்ற மனுஷர்! உன் அத்தான் போய்ச் சேர்ந்தபின், அவர் சிரித்த படம் என்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

பேத்தி போனில், “அந்தாளு படம் இருக்கிறவரைக்கும் வீட்டுப்பக்கம் வரமாட்டேன் பாட்டி. எங்க வார்டுல பிள்ளை பெத்தவங்க தரையில படுத்திருக்காங்க” என்றாள்.

“அடியே, அவர் பள்ளிக்கூடம் திறக்கலேன்னா நீ ஏது, உன் ஊசி ஏது?”

“திறந்தாரு, இல்லேங்கல. அதுக்காகக் கட்டிலைத் தின்னலாமா?”

இரண்டும் நிசம்தானே, தம்பி.

சின்னவன் சமாதானம் செய்கிறேன் என்று படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தலைவரை அழித்தான். கையை அழித்தால் தாத்தாவின் தோளும் சேர்ந்து போகிறதாம். ஆகவே ஆள் போய்க் கை மட்டும் நிற்கிறது. புதியதை மாட்டப் பழைய படத்தைக் கழற்றியபோது அது கண்ணாடியில் ஒட்டிக் கிழிந்தே போயிற்று. லீவுக்கு வந்த பேத்தி பார்த்துவிட்டு, “அடப்பாவி, திருடின கையை விட்டுட்டு ஆளை எடுத்திருக்கியே!” என்று அவன் தலையில் குட்டினாள். பிறகு சிரித்துக்கொண்டே அதன் கீழ் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு அது போதும். நல்லது செய்தவரேயானாலும் திருடியவருக்கு நம் வீட்டில் இடமில்லை. இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

உன் பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

உன் அக்கா.

பின்குறிப்பு: பேத்தி கிளம்பியபின் நிதானமாகப் பார்த்தேன். யாருமில்லாத இடத்தைப் பார்த்து உன் அத்தான் பைத்தியம்போலச் சிரிக்கிறார், சகிக்கவில்லை. சின்னவனிடம் கேட்டால் அவளிடம் போட்டுக்கொடுத்துவிடுவான். உன்னிடம் உள்ள பிலிமிலிருந்து, தலைவரோடு, புதிதாக ஒரு படம் போட்டுத் தபாலில் அனுப்பு. பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறேன். அவள் வரும்போது சாத்திவைத்தால் போயிற்று.