பூஜ்யத்தைப் பார்க்காமல் ஏறி நின்றவன்

மதிப்பும் பாசமும் கொஞ்சம் பயமும் சேர்த்து மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கு உங்கள் நலத்தையும் அக்கா நலத்தையும் ஃபோனிலேயே விசாரித்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை. அக்கா எடுத்தால் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், இதுவோ ஸ்பீக்கரில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. ஆகவே கடைசியாக எப்போது எழுதினேன் என்று எனக்கே ஞாபகமில்லாத கடிதம் என்ற ஒன்றை உங்கள் தையற்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். வெட்டு மேசையில் விரித்து வைத்துப் படிக்க வேண்டாம். உங்களிடம் பொத்தான் தைக்கிற அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கத்தான் கண் தெரியாது, அடுத்தவர் கடிதம் என்றால் பளிச்சென்று தெரியும்.

நேராக ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வழக்கம்போல வெறும் வயிற்றில் எடை பார்த்துவிட்டு வந்து, இரண்டு வீட்டிலும் ஸ்பீக்கரைப் போட்டு, இந்த வாரமும் குறைந்தாயிற்று, மொத்தம் ஆறு கிலோ என்று நான் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி அறிவித்தேன். என் வீட்டுக்காரி கை தட்டினாள். லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்திய பிறகுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "எனக்கு ஆரம்பத்துலேருந்து மொத்தமே ஒன்றரைதான் மாப்ளே. நீயே ஜெயிச்சுக்கோ. நான் இதோட நிறுத்திக்கறேன்." அதற்குப் பின்னால் பிஸ்கட் பாக்கெட் பிரிகிற சத்தம். துணிக் கவர் என்று அக்கா சமாளித்தாள். எனக்கா தெரியாது, மச்சான்? அடுத்த அறையில் ஆள் இருக்கும்போது அந்தச் சத்தம் வராமல் பிரிப்பதற்கு வாழ்நாள் முழுக்கப் பயிற்சி எடுத்தவன் நான். அது பிஸ்கட்தான், க்ரீம் வைத்தது.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறக்கிறேன், திறந்தால் வீட்டுக்காரி இருமுகிறாள், மூடிவிட்டு மறுபடி உட்காருகிறேன். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வந்து நிற்கிறது. உங்கள் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து முடித்து அந்த டாக்டர், எடையைக் குறைக்காவிட்டால் அடுத்த தடவை இங்கே நடந்து வர மாட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னாரே. அதற்கு நீங்கள், "முதல்ல இவனைக் குறைக்கச் சொல்லுங்க டாக்டர், அப்புறம் நான் பாக்கறேன்" என்று என்னைக் காட்டினீர்கள். அப்போது என் வாயில் இருந்தது உங்களுக்கு வந்த ரொட்டி. டாக்டர் பார்த்தார், நர்ஸ் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரர் வலியோடு புரண்டு படுத்துப் பார்த்தார். பார்த்ததெல்லாம் என் வயிற்றைத்தான். அங்கேயே இரண்டு பேரையும் ஒரே மெஷினில் ஏற்றி எடை பார்த்தார்கள். வெளியே வராந்தாவில் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ குறைச்சாத்தான்டா அவர் குறைப்பார். ஏமாத்தாம பண்ணுடா" என்றாள். நீங்களும் டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கிற தராசுக்கெல்லாம் முத்திரை குத்துகிற ஆள் நீ, உன் வாயிலிருந்து வரும் எடையை நான் மறுபேச்சில்லாமல் நம்புவேன் என்றீர்கள். அந்த நம்பிக்கைதான் இப்போது என்னைக் கொல்கிறது.

நான் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தேன். வீட்டிலிருக்கும் சின்ன எடை மெஷினில் ஏறினேன், பிடிக்காத எண் வந்தது. குளியலறை வாசலுக்கு நகர்த்தி ஏறினேன், கொஞ்சம் கம்மி. சமையலறையில் கூடுதல், அது அந்த அறையின் குணம் என்று விட்டுவிட்டேன். ஜன்னலோரம் தரையில் ஒரு கல் லேசாக ஆடும், அதன்மேல் வைத்தால் கால் கிலோ லாபம். பல் தேய்ப்பதற்கு முன்னால் ஏறினேன், தேய்த்த பிறகு ஏறினேன், முடி வெட்டிக்கொண்டு வந்து ஏறினேன், நகம் வெட்டிவிட்டுக்கூட ஏறினேன். நீங்கள் சிரிப்பீர்கள், மெஷின் சிரிக்கவில்லை. கண்ணாடியின் எடை எதற்கு வீணாக என்று கழற்றி வைத்தால் எண் தெரியவில்லை, போட்டுக்கொண்டால் தெரிகிறது, அது இன்னும் மோசம். ஆகவே நான் ஏறி நிற்பது, வீட்டுக்காரி குனிந்து வாசிப்பது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் வாசிக்கிற குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. மறுநாள் மாடிப்படியில் மேல்வீட்டு பென்ஷன்காரர் என் தோளில் கை வைத்து, "என்ன சார், இன்னும் அசையலையாமே" என்று துக்கம் விசாரித்தார்.

அப்புறம் ஒருநாள் மெஷின்மேல் நின்றுகொண்டு ஒரு விரலைச் சுவரில் வைத்திருந்தேன். வேண்டுமென்று இல்லை, விரல் அதுவாகப் போயிருந்தது.

"விரலை எடுங்க."

"அது சும்மாத்தான் இருக்கு."

"சும்மா இருக்கறதை எடுக்கறதுல என்ன கஷ்டம்?"

எடுத்தேன். அரை கிலோ ஏறியது. மச்சான், தராசுத் தட்டின் அடியில் இதே மாதிரி சும்மா இருந்த விரல்களுக்காக எத்தனை காய்கறிக் கடைக்காரர்களை நடுத்தெருவில் வைத்துக் கத்தியிருக்கிறேன். அவர்களும் இதே முகத்தோடுதான் இதே பதிலைச் சொன்னார்கள். அவமானம் தாங்காமல் ஆபீசில் செய்கிற மாதிரியே ஒரு காகிதத்தில் 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மெஷினில் ஒட்டி, பீரோ மேல் ஏற்றிவிட்டேன். வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, உங்கள்மேல் ஒட்ட வேண்டியதை அவசரத்தில் மெஷின்மேல் ஒட்டிவிட்டீர்களா என்று கேட்டாள்.

உங்களுக்குச் சொல்கிற எடை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கிடங்குக்குப் போனேன். எங்கள் ஆபீஸ் பின்தெருவில் மூட்டைக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அங்கே தரையோடு பதித்த பெரிய மெஷின், என் கையால் சோதித்து முத்திரை குத்தியது. ஞாயிற்றுக்கிழமையும் லாரி வரும் என்பதால் திறந்திருக்கும். கிடங்கு மேனேஜர் எப்போதும் சிரித்த முகம். போன வருஷம் அவருக்கு அபராதம் போட்டபோதுகூடச் சிரித்துக்கொண்டேதான் கட்டினார். வாராவாரம் அங்கே போய், செருப்பு, பெல்ட், சாவிக்கொத்து, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு மூட்டைமேல் வைத்துவிட்டு ஏறி நிற்பேன். எண் எனக்கு மங்கலாக ஒரு சிவப்புக் கோடு மாதிரித் தெரியும். மேனேஜர் வாசிப்பார். ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே வந்தது. "சாருக்கு முகமே வத்திப்போச்சு" என்பார். சுமை இறக்குகிறவர்களும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். நான் வானத்தில் நடந்து வீட்டுக்கு வந்து உங்களுக்கு அறிவிப்பேன்.

வீட்டுக்காரிக்கு மட்டும் சந்தேகம். எடை இப்படிக் கொட்டுகிறது, பேன்ட் பொத்தான் மட்டும் ஏன் தெறிக்கிறது என்று கேட்டாள். நான் யோசிக்காமல், மச்சான் தையல் முன்ன மாதிரி இல்லை, பொத்தானை ஒப்புக்குக் குத்துகிறார் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொத்தான் அம்மாவிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவர் எப்படியும் இதைப் படித்துவிடுவார்.

இனிமேல்தான் விஷயம். திங்கட்கிழமை வெளிவேலைக்குக் கிளம்பியவன், நீங்கள் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்ததால், கால் போன போக்கில் கிடங்குக்குள் நுழைந்துவிட்டேன். மேனேஜர் டீ குடிக்கப் போயிருந்தார். போட்டது போட்டபடி, கண்ணாடியோடு, கையில் இருந்தது தோளில் இருந்தது எதையும் இறக்கி வைக்காமல் விறுவிறுவென்று ஏறினேன். முதல் முறையாக எண் எனக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த எடையைவிட மூன்று கிலோ அதிகம். இறங்கினேன். மெஷின் சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. மறுபடி ஏறினேன், அதே எண். மேனேஜர் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். வந்தவர், சொல்லிவிட்டு வந்திருக்கலாமே சார் என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"இத்தனை நாளா என்ன வாசிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்காமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "எடையைக் குறைச்சுச் சொன்னா ஊரே சண்டைக்கு வருது சார். சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீங்கதான். அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படி சார் நிஜத்தைச் சொல்றது?"

வழக்குப் போடலாம் என்று கை துறுதுறுத்தது. எதன்மேல் போடுவது? மெஷின் சரி, முத்திரை சரி, வாய்தான் பொய். வாய்க்கு முத்திரை குத்துகிற அதிகாரம் எங்கள் சட்டத்தில் இல்லை. அதைவிடக் கேவலம், தராசில் ஏற்றுவதற்கு முன்னால் பூஜ்யத்தைப் பாருங்கள், எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள் என்று இத்தனை வருஷமாகப் பொதுமக்களுக்கு உபதேசம் செய்கிறவன் நான். சந்தைக்குச் சந்தை நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றி மூட்டைமேல் வைத்துவிட்டு ஏறி நின்றிருக்கிறான்.

ஆகவே மச்சான், நான் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஏறியிருக்கிறேன். வெள்ளரிக்காயும் சூப்பும் வேக நடையும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரியவில்லை. சாயங்கால வறுவல் போன இடம் மட்டும் தெரிகிறது. இல்லாத ஒரு மனிதனோடு நீங்கள் ஓட்டப்பந்தயம் ஓடித் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு பாக்கெட்டைப் பிரித்திருக்கிறீர்கள். உங்கள் ஒன்றரை கிலோ நிஜம். ஜெயித்தது நீங்கள்தான். தோற்றவன் சொல்கிறேன், நிறுத்த வேண்டாம். நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு பேன்ட் தைக்க ஆள் கிடையாது என்று எழுதத்தான் வந்தேன். அது காரணம் இல்லை. காரணத்தை எழுதினால் மூக்கை உறிஞ்ச வேண்டியிருக்கும், நம் இரண்டு பேருக்குள் அந்தப் பழக்கம் கிடையாது.

அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், ஏமாத்தாம பண்ணு என்று சொல்லி அனுப்பியவள். நானே நேரில் வந்து அடி வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கு என் அன்பு, பொத்தான் அம்மாவுக்கு என் விசாரிப்பு, உங்கள் நெஞ்சில் இருக்கும் அந்தச் சின்னக் குழாய்க்கு என் தனிப்பட்ட வணக்கம். மாத்திரையை மறக்காதீர்கள். நீங்கள் நூறு வயது இருந்து எனக்கு இடுப்பளவு எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் டேப்பைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டும்.

உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தராசுக்கார மாப்ளே

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குப் பசை தேடி வீட்டுக்காரி என் ஆபீஸ் பையைத் தூக்கினாள். தூக்க முடியாமல், "இதுல என்னங்க, செங்கல்லா?" என்றாள். திறந்து பார்த்தேன். கடைகளில் தராசைச் சோதிக்க நான் கொண்டுபோகிற எடைக்கற்கள், பெட்டியோடு. திங்கட்கிழமை கிடங்கு மெஷினில் இந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் ஏறியிருக்கிறேன். கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு, இன்று காலை வெறும் வயிற்றோடு ஆபீஸ் போய், அங்கே முத்திரைக்கு வந்திருந்த ஒரு மெஷினைச் சோதித்து, பூஜ்யத்தை என் கண்ணால் பார்த்து, பையை மேசைமேல் வைத்துவிட்டு ஏறினேன். ஆஸ்பத்திரி எடையிலிருந்து ஒரு கிலோ அறுநூறு குறைந்திருக்கிறேன். ஆகையால் மேலே எழுதியது அத்தனையும் தப்பு, ஜெயித்தது நீங்கள் என்பது உட்பட. நூறு கிராம், மச்சான். அதுவும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. அதன் எடையைக் கழிக்கவில்லை, உங்களுக்கு விட்டுக் கொடுக்கிறேன். அந்த க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டில் மீதி இருப்பதைப் பொத்தான் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன், ஸ்பீக்கரைப் போட்டு வையுங்கள். சுவரிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஏறவும்.