நாங்கள் இனிப்புத் தேநீர் குடிப்பதில்லை

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்தவர்களால் யாருக்கும் ஆபத்து இல்லை. கையைக் காட்டுவார்கள், சிரிப்பார்கள், பிழைத்துக்கொள்வார்கள். ஆபத்தெல்லாம் என்னைப்போல, நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களால்தான். அசர்பைஜான் மொழியில் நான் பேசியவற்றில் பிழையே இல்லாத வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அந்த வாக்கியத்தால் என் தம்பியின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் குடியேறியிருந்தோம். ஜெர்மனியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் துருக்கிப் பெண்களோடு வேலை செய்து, நானும் கொஞ்சம் துருக்கி மொழி பிடித்திருந்தேன். (கொஞ்சம் என்றால், சண்டை போடும் அளவுக்கு.) அதனால் தம்பி ரமணன், தான் கட்ட நினைக்கும் நர்கிஸ் என்ற பெண் அசர்பைஜானின் பாகு நகரத்துக்காரி என்று சொன்ன அன்று, நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அப்ப அவையின்ர பாசை துருக்கிக்குக் கிட்டத்தானே?"

அப்பாவைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் எடுத்தது. நர்கிஸின் தாய் தகப்பனைச் சம்மதிக்க வைக்க அதற்கு மேலும் எடுத்தது. கடைசியில் அவர்கள் மகளைப் பார்க்க ஒரு மாதம் லண்டனுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி வந்து பெண் கேட்கட்டும், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம் என்றார்கள். சரிவராவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு திரும்புவதாக இருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பெண் கேட்கும்போது பெண் குசினிக்குள், அடுப்படியில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆகவே நர்கிஸால் மொழிபெயர்க்க முடியாது. எங்கள் அம்மா உயிரோடு இல்லை. அம்மாவின் இடத்தில் போகவேண்டியவளும் நான், வாய் பேசவேண்டியவளும் நான்.

கைத்தொலைபேசி மொழிபெயர்த்துச் சொல்லாத காலம். நூலகத்தில் சொல்லிவைத்து ஒரு பழைய பாடப்புத்தகம் எடுத்தேன். திறந்தால் எல்லாம் ரஷ்ய எழுத்து. நர்கிஸ் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இப்போது தாங்கள் எழுதுவது ஆங்கில எழுத்துகளில் என்றும், இடையில் ரஷ்ய எழுத்து, அதற்கு முன் கொஞ்சக் காலம் ஆங்கில எழுத்து, அதற்கும் முன் அரபு எழுத்து என்றும் சொன்னாள். ஒரு நூற்றாண்டுக்குள் இத்தனை மாற்றம். அவளே எனக்குப் புது எழுத்தில் ஒரு கொப்பி நிறைய எழுதித் தந்தாள். அதில் கவிழ்த்துப்போட்ட ஆங்கில 'e' ஒன்று அடிக்கடி வரும். அதை வாயை அகலத் திறந்து சொல்லவேண்டும்.

உள்ளே போகப்போக எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோசத்தில். வினைச்சொல் கடைசியில் வருகிறது, எங்களுக்கு வருவதுபோலவே. வீடு என்றால் 'எவ்'. வீடுகள் 'எவ்லேர்'. எங்கள் வீடுகள் 'எவ்லேரிமிஸ்'. எங்கள் வீடுகளில் என்றால் 'எவ்லேரிமிஸ்தே'. ஒன்றின் வாலில் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. ஜெர்மன் மொழி என்னைப் படுத்திய பாட்டுக்கு, இங்கே மேசை ஆணா பெண்ணா என்ற தொல்லையும் இல்லை. அவனுக்கும் அவளுக்கும் அதுக்கும் ஒரே சொல்தான். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பேருந்திலும் ரயிலிலும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். பக்கத்து இருக்கை அநேகமாகக் காலியாகவே இருந்தது.

நான் முதலில் மனப்பாடம் செய்த வசனம் சீனியைப் பற்றியது. அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று கரண்டி போட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிடுவார்கள், மரியாதைக்காக அவரும் குடித்துவிடுவார், பிறகு நான் இரண்டு நாள் அவர் விரலைக் குத்திக் குத்திப் பார்க்கவேண்டும். இந்த வீட்டில் அது நடக்காது என்று உறுதி எடுத்திருந்தேன்.

பெண் கேட்கும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நர்கிஸ் குடியிருந்த ஆர்ச்வேக்குப் புறப்பட்டோம். ரயிலில் ரமணன் என் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, அங்க தேத்தண்ணி தருவினம். அது சம்பந்தமா உங்களுக்கு ஒரு விசயம் சொல்லோணும்."

"எனக்குத் தேத்தண்ணி குடிக்க நீ பழக்காதை. பேசாமல் இரு, வினைச்சொல் குழம்புது."

முதலில் அங்கேயுள்ள முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ரமணன் மறுபடியும், "அக்கா, அந்தத் தேத்தண்ணி..." என்று தொடங்கினான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கோயில் வாசலில் நின்று ஒரு மனிதனின் வாயை அடைத்தேன். அந்தப் பாவத்துக்குத்தான் மற்றதெல்லாம்.

நர்கிஸின் தகப்பன் நரைத்த மீசைக்காரர், பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தாய் மெலிந்த, அதிகம் பேசாத பெண். நான் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, லண்டன் குளிரைப் பற்றியும் ஒரு வசனம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்காக மெதுவாக, சின்னச் சின்ன வசனமாகப் பேசினார். தன் பாட்டன் எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றனவாம். அரபு எழுத்து. அவரால் வாசிக்க முடியாது. அவர் இளமையில் எழுதிய நாட்குறிப்புகள் ரஷ்ய எழுத்தில். அவற்றை நர்கிஸால் சரளமாக வாசிக்க முடியாது. "ஒரே வீடு, ஒரே மொழி," என்று சொல்லிக் கையை விரித்தார்.

எனக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. ரமணனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள் எங்கள் அப்பாவின் தமிழ்க் கடிதங்களைப் பார்த்து இது என்ன எழுத்து என்று கேட்பார்கள் என்று அந்த நேரம்தான் முதன்முதலில் நினைத்தேன். அவரிடம் அதைச் சொன்னேன், தடக்கித் தடக்கித்தான். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் வந்த விசயத்தை நான் கேட்டேன். உங்கள் மகளை எங்கள் பையனுக்குத் தருவீர்களா என்று. அவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு எங்கள் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்து இரண்டு வசனம் வேகமாகச் சொன்னார். (அது எனக்குப் பிடிபடவில்லை. காட்டிக்கொள்வேனா?) மனைவி எழுந்து உள்ளே போய், இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளைகளில் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"இப்போது இனிப்பான தேநீர் குடிப்போம்," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக.

இது பிடிபட்டது! நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, ஆறு கிழமைப் படிப்பையும் திரட்டிச் சொன்னேன்: "யோக், சாக் ஒலுன். பிஸ் ஹெச் வக்த் ஷிரின் சாய் இச்மிரிக்."

வேண்டாம், நன்றி. நாங்கள் ஒருபோதும் இனிப்புத் தேநீர் குடிப்பதில்லை.

'ஒருபோதும்' நான் மனப்பாடம் செய்த வசனத்தில் இருக்கவில்லை. நானாகச் சேர்த்தது.

தாய் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். தகப்பனின் முகம் சிவந்தது. நான் என் உச்சரிப்பில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். உள்ளே நர்கிஸ் அழும் சத்தம் கேட்டது. ரமணன் எழும்பிவிட்டான்.

"அக்கா, என்ன சொன்னனீங்கள்? ஏன் தேத்தண்ணி திரும்பிப் போகுது?"

"சீனி வேண்டாம் எண்டு சொன்னன்."

அவன் தலையில் கைவைத்தான். "ஐயோ அக்கா! பொம்பிளை வீட்டுக்காரர் சீனி போட்டுத் தந்தால் ஓம் எண்டு அர்த்தம். அவை ஓம் எண்டு சொன்னவை. நீங்கள் எங்களுக்கு வேண்டாம் எண்டிட்டியள்!"

அவனுக்கு வழக்கம் தெரியும், மொழி தெரியாது. எனக்கு மொழி தெரியும், வழக்கம் தெரியாது. எப்படியாவது சொன்னதைத் திரும்ப எடுக்க வாயைத் திறந்தேன். ஆறு கிழமையும் கரைந்து போயிருந்தது. வந்த ஒரே வசனம், 'எங்கள் வீடுகளில் தோட்டம் உண்டு'. அதைச் சொன்னேன். தகப்பன் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

இவ்வளவு நேரமும் ஒன்றும் விளங்காமல் இருந்த அப்பா, ரமணன் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். நேரே குசினிக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் தட்டு இருந்தது, நர்கிஸ் தாயின் தோளில் முகத்தை வைத்து நின்றாள். அப்பா ஒரு குவளையை எடுத்து, அருகில் கிண்ணத்தில் இருந்த சீனிக்கட்டிகளில் மூன்றை அதற்குள் போட்டு, கலக்கி, நின்ற நிலையில் குடித்து முடித்தார். பிறகு வெறும் குவளையைத் தாயிடம் நீட்டினார்.

"இன்னொண்டு தாங்கோ பிள்ளை," என்றார், சுத்தத் தமிழில்.

தாய் அவரைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள், அழுதபடியே சிரித்தாள். தகப்பன் வாசலில் வந்து நின்று பெரிதாகச் சிரித்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்கு அப்பா நான்கு குவளை குடித்தார். நான் ஒரு மூலையில் நின்று அவருடைய சீனி அளவை மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு அழுதேன். வெட்கத்திலா, நிம்மதியிலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் இருவர், தமிழும் கொஞ்சம், தாயின் மொழியும் கொஞ்சம். பாகுவில் என் பெயர் 'ஷெக்கர்சிஸ் ஹானிம்', சீனியில்லாத சீமாட்டி. அங்கே நான் பார்த்தேயிராத சொந்தக்காரர்கள்கூட அந்தப் பெயரில்தான் என்னைச் சுகம் விசாரிப்பார்கள். தம்பி வீட்டுக்கு எப்போது போனாலும், என்னிடம் ஒன்றும் கேட்காமல், கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்குச் சீனி போட்டு ஒரு குவளை வரும். அதை நான் குடித்து முடிக்கும்வரை முழுக்குடும்பமும் சுற்றி நின்று பார்க்கும்.

போன வருடம் வைத்தியர் எனக்கும் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டார். அதை அந்த வீட்டில் சொல்ல எனக்கு மூன்று மொழிகளில் வசனம் தெரியும். இன்னும் சொல்லவில்லை. குடித்துவிட்டு வருகிறேன்.