வலது பாதம் நீங்கலாக எல்லோரும் நலம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் வலது பாதம் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் தலைமுதல் கால்வரை நலமாயிருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் நீ இவளிடம் போனில், "வேலைக்குப் போக உடம்பு வளையலைன்னா எங்கயாவது ஒண்ணு வரத்தான் செய்யும்" என்று சொன்னாயாம். நீ சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. இவள் உடனே "அதேதான் அண்ணி" என்றாளாம், அதில்தான் கொஞ்சம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கார் ஓட்டப் பழக்கும் வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் இருப்பது உனக்குத் தெரியும். என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஒருநாள் காலையில் பல் டாக்டர் அம்மா ஒருத்தர் ஓட்டிக்கொண்டிருந்தார். வளைவில் எதிரே தண்ணீர் லாரி வந்ததும் அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான், எல்லாம் சரி. ஆனால் மிதித்தது என் காலுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் பாதம் பிரேக்கின் மேல் இருப்பதைத் தெரிந்துகொண்டேன். இதோடு எப்படி இன்னொருத்தர் உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவது? அன்றே முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பு அருமையாக இருப்பதாகச் சொன்னார். நரம்பு டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தி வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன், "ரொம்ப நல்லது" என்று எழுதிக்கொண்டார். ஸ்கேனில் படுக்கவைத்து ஆளையே உள்ளே தள்ளி எடுத்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஒவ்வொரு முடிவு வந்தபோதும் வீட்டில் சந்தோஷம், எனக்குத்தான் மானம் போனது. நல்ல முடிவோடு நொண்டிக்கொண்டு வருகிறவனை யார் நம்புவார்கள்? செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு கடைக்குப் போய்வந்த அன்று, இவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு டாக்டர் பெண்ணிடம் போனோம். நம் வீட்டுப் பெரிய பெண்ணின் வயதுதான் இருக்கும். அத்தனை பரிசோதனைக் காகிதங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் இருந்து சொல்லச் சொன்னாள். தண்ணீர் லாரியைக்கூட விடாமல் கேட்டாள். அப்புறம் இவளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கால் மரத்துப்போறது நிஜம்தாம்மா. அவர் நடிக்கலை. ஏன் இப்படி ஆகுதுன்னு எங்களால முழுசா சொல்ல முடியலை. அது எங்க குறை, அவர் குறை இல்லை."

அக்கா, நான் இவளைத் திரும்பிப் பார்த்தேன். இவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துப் படியில் இறக்கிக்கொண்டே, "இவ்வளவு கஷ்டத்தை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டாள். நான் மாதக்கணக்காக இதைத் தவிர வேறு எதையுமே சொல்லவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அந்த ஆஸ்பத்திரியிலேயே நடக்கப் பயிற்சி தருகிறார்கள். முன்னால் நடந்தால் அடம் பிடிக்கும் பாதம் பின்னால் நடந்தால் ஒழுங்காக வருகிறது, காரணம் கேட்காதே. மாடித் தாழ்வாரத்தில் காலையும் மாலையும் ரிவர்ஸில் போகிறேன், எதிர்வீட்டுக்காரர் ஒதுங்கி வழி விடுகிறார். நேற்று குளியலறைத் தரை ஜில்லென்று இருந்ததை வலது பாதமும் சொன்னது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஒருவர் கஷ்டத்தை அவர் சொன்னபடி நம்புவதே பாதி மருந்து என்று கற்றுக்கொண்டேன். நீயும் நம்ப வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் அன்புத் தம்பி

பி.கு.: இதை எழுதி முடித்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில் இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளாக இடது காதில் ஓயாமல் ஒரு இரைச்சலாம், காது டாக்டர் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டாராம், என் காலுக்கு நடுவில் இது எதற்கு என்று சொல்லாமல் இருந்தாளாம். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வயசானா அப்படித்தான், கண்டுக்காதே" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நீ போன் செய்தால் அவள்தான் எடுப்பாள். தயவுசெய்து காதைப் பற்றி விசாரி, என் காலைப் பற்றி மூச்சுவிடாதே.